சொல்லாமற் சொன்ன திரை: ஹாலிவுட் பொற்காலத்துப் படங்கள் ஆறு

மொழிக்கென அமைந்த சொற்பொழிவு வரிசையொன்றில் ஹாலிவுட்டின் பழைய படங்களுக்கு என்ன இடம் என்று சிலர் வினவக்கூடும். வினா முறையானதே. நம் விடையைத் தொடக்கத்திலேயே கூறிவிடுகிறோம். அகப்பாடல்களைக் கற்றவர்கள் உள்ளுறை, இறைச்சி ஆகிய இரண்டையும் அறிவர். தலைவனின் ஒழுகலாற்றைத் தோழி நேரே பழிக்கமாட்டாள். அவன் மலையில் வாழும் குரங்கைப் பற்றியோ, பூவுக்குப் பூ தாவும் வண்டைப் பற்றியோ பேசுவாள். கேட்க வேண்டியவனுக்கு அது கேட்கும். கூற வந்ததை மறைத்து, வேறொன்றின்மீது ஏற்றி உணர்த்தும் இக்கலை, 1930களிலிருந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அமெரிக்கத் திரைப்படங்களில் செழித்திருந்தது. அங்கே அதனை வளர்த்ததில் பெரும்பங்கு கவிதை மரபுக்கு உரியதன்று. ஒரு தணிக்கை விதித்தொகுப்புக்கு உரியது. அவ்விந்தையை விளக்கும் ஆறு படங்களையே நாம் இங்குப் பரிந்துரைக்கிறோம்.

பொற்காலம் என்று வழங்கப்படும் அக்காலத்தைப் பற்றிச் சில சொற்கள். 1927இல் ‘தி ஜாஸ் சிங்கர்’ வெளிவந்தபின் ஊமைப்படங்களின் ஆட்சி விரைவில் முடிந்தது. தமிழ்ப்படம் 1931இல் ‘காளிதாஸ்’ வழியாகப் பேசத் தொடங்கியது என்பதனை நினைத்தால் இரண்டிற்கும் வயது வேறுபாடு சிறிதே. தமிழறியாத அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன், ‘சதி லீலாவதி’ முதல் ‘மந்திரி குமாரி’ வரை தமிழில் படங்கள் இயக்கியதும் இக்காலத்தில்தான். ஹாலிவுட்டிலோ எம்.ஜி.எம்., பாரமவுண்ட், வார்னர் பிரதர்ஸ், டுவென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ், ஆர்.கே.ஓ. ஆகிய ஐந்து பெரும் நிறுவனங்கள் படங்களைத் தயாரித்தன, விநியோகித்தன, தம் சொந்தத் திரையரங்குகளிலேயே திரையிட்டன. நடிகர், எழுத்தாளர், ஒளிப்பதிவாளர் முதலியோர் ஒப்பந்தத்தால் அந்நிறுவனங்களுக்குக் கட்டுப்பட்டிருந்தனர். 1948இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு நிறுவனங்களையும் திரையரங்குகளையும் பிரிக்க வழிசெய்தது. பின்னர்த் தொலைக்காட்சி வந்தது. அம்முறை மெல்ல மெல்லச் சரிந்தது.

இனி அவ்விதித்தொகுப்பு. படத்தயாரிப்பாளர் சங்கத்தின் தலைவராக வில் ஹேஸ் இருந்த காலத்தில், 1930இல் அஃது ஏற்கப்பட்டது. டேனியல் லார்ட் என்னும் இயேசு சபைப் பாதிரியாரும் மார்ட்டின் குவிக்லி என்னும் இதழ் வெளியீட்டாளரும் அதனை வரைந்தனர். நான்கு ஆண்டுகள் அதனை எவரும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. 1934 ஜூலை முதல் ஜோசப் பிரீன் என்பவரின் அலுவலகம் ஒப்புதல் முத்திரை வழங்காமல் எப்படமும் பெரிய திரையரங்குகளுக்குச் செல்ல இயலாத நிலை உண்டானது. கதை தாளில் இருக்கும்போதே அவ்வலுவலகம் திருத்தம் கூறிவிடும். குற்றம் செய்தவன் தப்பக்கூடாது. பிறன்மனை நாடுதல் நியாயமெனத் தோன்றக்கூடாது. படுக்கையறைக் காட்சிகளில் அடக்கம் வேண்டும். வெள்ளையரும் கறுப்பினத்தவரும் இணையும் காதல் கூடவே கூடாது. இப்படி நீளும் அப்பட்டியல் 1968 வரை பெயரளவிலேனும் நடைமுறையில் இருந்தது.

இப்பட்டியலைச் சற்று ஊன்றிப் பார்த்தால் அதன் விலக்குகள் எல்லாம் ஒரே தன்மையன அல்ல என்பது புலப்படும். படுக்கையறைக் கதவை மூடு என்னும் விதி, கதவுக்கு வெளியே நின்று காட்டும் நுட்பத்தைக் கலைஞனுக்குக் கற்பித்தது. இன்னார் இன்னாரை நேசிப்பதைக் காட்டாதே என்னும் விதியோ, வாழும் மனிதர்களைத் திரையிலிருந்தே அகற்றியது. முன்னது அடக்கம், பின்னது மறைப்பு. இவ்விரண்டையும் வேறுபடுத்தாமல் ‘அந்தக் காலத்துப் படங்களில் எவ்வளவு கண்ணியம்!’ என்று பொதுப்படப் புகழ்வது நமக்கு உடன்பாடில்லை. அவ்வாறு புகழ்வோர் நம்மிடையேயும் உளர்.

முதலில் எளிதானதொன்று. ஃபிராங்க் காப்ரா இயக்கிய ‘இட் ஹேப்பன்ட் ஒன் நைட்’ 1934 பிப்ரவரியில் வெளிவந்தது. அதாவது, பிரீனின் அலுவலகம் பிடியை இறுக்குவதற்குச் சில மாதங்கள் முன்பு. ஆகவே அடக்கமெல்லாம் அச்சத்தால் விளைந்தது என்று கூறிவிடவும் இயலாது. தந்தையிடமிருந்து தப்பியோடும் செல்வர்மகள் ஒருத்தியும் வேலையிழந்த செய்தியாளன் ஒருவனும் வழிப்பயணத்தில் ஓர் அறையில் தங்க நேர்கிறது. செய்தியாளன் அறையின் நடுவே கயிறு கட்டி, அதன்மீது ஒரு போர்வையைத் தொங்கவிடுகிறான். அதற்கு ‘எரிகோவின் மதில்’ என்று பெயரும் சூட்டுகிறான். எக்காள ஓசையில் எரிகோ நகரின் மதில் இடிந்து விழுந்த விவிலியக் கதையை அறிந்தவர்க்கு அப்பெயரின் குறும்பு விளங்கும். படத்தின் முடிவில் காதலர் இருவரையும் நாம் காண்பதில்லை. வாடகைக் குடிலின் உரிமையாளரும் அவர் மனைவியும் வெளியே நின்று வியந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். உள்ளிருந்து ஒரு விளையாட்டு எக்காளத்தின் ஓசை வருகிறது. போர்வை தரையில் விழுகிறது. விளக்கு அணைகிறது. அவ்வளவே. சிறந்த படம், இயக்குநர், நடிகர், நடிகை, திரைக்கதை ஆகிய ஐந்து முதன்மை ஆஸ்கார் விருதுகளையும் ஒருசேரப் பெற்ற முதற்படம் இதுவே.

இரண்டாவதாக நாம் கூறப்போகும் படம் அத்தகைய வெற்றியைக் காணவில்லை. அதனாலேயே அதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். லியோ மெக்கேரி 1937இல் இயக்கிய ‘மேக் வே ஃபார் டுமாரோ’ என்னும் அப்படத்தின் பெயரை ‘நாளைக்கு வழிவிடுங்கள்’ என்று தமிழாக்கலாம். கடன் கட்ட இயலாமல் வீட்டை வங்கியிடம் இழக்கும் முதிய தம்பதியர்; அவர்களுக்கு ஐந்து பிள்ளைகள். இருவரையும் சேர்த்து வைத்துக்கொள்ள எவராலும் இயலவில்லை. தாய் நியூயார்க்கில் மகன் ஜார்ஜ் வீட்டுக்கும், தந்தை நெடுந்தொலைவில் உள்ள மகள் வீட்டுக்கும் அனுப்பப்படுகிறார்கள். சில மாதங்களுக்குத்தான் என்கிறார்கள். கதை இவ்வளவே. இதைக் கேட்டவுடன் ‘இதை எத்தனை முறை பார்த்திருக்கிறோம்’ என்று நம் வாசகர் எண்ணுவது உறுதி. பெற்றோரைக் கைவிடும் பிள்ளைகளைத் தமிழ்த்திரை எண்ணிறந்த முறை தண்டித்திருக்கிறது. மெக்கேரியின் படம் எவரையும் தண்டிப்பதில்லை. வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

மருமகள் தன் வீட்டில் சீட்டாட்டம் கற்பித்துப் பொருளீட்டுகிறாள். வகுப்பு நடந்துகொண்டிருக்கும் அறையில் மாமியார் தம் ஆடுநாற்காலியைக் கொண்டுவந்து போட்டு அமர்கிறார். அது கிரீச்சிடுகிறது. வந்திருப்போர் நெளிகிறார்கள், நமக்கும் அவர்மீது சற்று எரிச்சல் உண்டாகிறது. அந்நேரம் தொலைபேசி மணி ஒலிக்கிறது. மறுமுனையில் கணவர். தொலைபேசிக்குப் பழகாத முதியவர்களைப் போலவே அவரும் உரத்த குரலில் பேசுகிறார். உடம்பைப் பார்த்துக்கொள்ளும்படியும் குளிரில் கதகதப்பாக இருக்கும்படியும் கூறுகிறார். கணவரின் குரல் நமக்குக் கேட்பதில்லை. அறையில் இருப்போர் ஒருவர்பின் ஒருவராகச் சீட்டுகளைக் கீழே தாழ்த்துகிறார்கள். சற்றுமுன் எரிச்சலுற்ற நாமும் அவர்களோடு தலைகுனிகிறோம். காட்சியில் எவரும் எவரையும் குறை கூறவில்லை.

பின்னொரு காட்சியில் தாயை முதியோர் இல்லத்துக்கு அனுப்ப ஜார்ஜ் முடிவு செய்திருக்கிறான். சொல்ல நா எழவில்லை. அவ்வில்லத்திலிருந்து வந்த கடிதத்தைத் தாய் ஏற்கெனவே பார்த்துவிட்டார். மகன் வாய் திறக்குமுன் தாயே முந்திக்கொண்டு, தனக்கு அங்கே போய் இருக்க விருப்பம் என்கிறார். மகனின் வெட்கத்தை மகனிடமிருந்தே மறைக்கும் பொய் அது. தந்தைக்கு மட்டும் இது தெரியவேண்டாம் என்று ஒரு வேண்டுகோள் விடுக்கிறார். தாய்க்குரிய பெருமையை வசனமாக எழுதிப் பேசவைத்திருந்தால் இக்காட்சி இவ்வளவு கனத்திருக்காது.

கடைசிப் பகுதியில் இருவரும் நியூயார்க்கில் சில மணி நேரம் ஒன்றாகக் கழிக்கிறார்கள். அதன்பின் தந்தை ரயிலேறிக் கலிபோர்னியாவில் இருக்கும் இன்னொரு மகளிடம் செல்லவேண்டும். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் தேனிலவுக்குத் தங்கிய அதே விடுதிக்குப் போகிறார்கள். நடனத்தளத்தில் அக்காலத்துப் புதிய இசைக்கு ஆட அறியாமல் இருவரும் திகைத்து நிற்பதை இசைக்குழுத் தலைவர் காண்கிறார். குழுவைப் பழைய வால்ட்ஸ் மெட்டுக்கு மாற்றச் சொல்லிக் கண்ணால் ஒரு குறிப்புக் காட்டுகிறார். பெற்ற பிள்ளைகள் காட்டாத பரிவை முன்பின் அறியாதவர் காட்டுகிறார் என்பதைப் படம் சுட்டிக்காட்டுவதில்லை, நாமே கண்டுகொள்கிறோம். பிறகு ரயில் நிலையம். இருவரும், ஒருவேளை மீண்டும் சந்திக்க இயலாமற் போனால், என்ற பேச்சை மிக இயல்பாக, விடைபெறும் உபசாரம்போலவே பேசிக்கொள்கிறார்கள். ரயில் புறப்படுகிறது. தாய் நடைமேடையில் நிற்கிறார், திரும்புகிறார். படம் முடிகிறது.

பாரமவுண்ட் நிறுவனம் மகிழ்ச்சியான முடிவொன்றை விரும்பியது, மெக்கேரி இணங்கவில்லை. படம் பொருளீட்டவில்லை. நிறுவனம் அவரை விட்டுவிட்டது. அதே ஆண்டு வேறொரு நிறுவனத்துக்காக இயக்கிய ‘தி ஆஃபுல் ட்ரூத்’ என்னும் நகைச்சுவைப் படத்துக்குச் சிறந்த இயக்குநர் விருது கிடைத்தபோது, தவறான படத்துக்கு விருதளித்துவிட்டீர்கள் என்று அவர் மேடையிலேயே கூறினார். அமெரிக்காவில் முதியோருக்கான சமூகப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது 1935இல். அச்சட்டத்தின் தேவையை உணர்த்த எத்தனையோ உரைகள் நிகழ்த்தப்பட்டிருக்கும். அந்த ஆடுநாற்காலியின் ஒலி அவற்றுள் பலவற்றினும் தெளிவாக உணர்த்தியிருக்கும் என்பது நம் கருத்து. ஓசுவின் புகழ்பெற்ற ‘டோக்கியோ ஸ்டோரி’ இப்படத்தின் தாக்கத்தில் பிறந்தது என்பதையும் இங்குக் குறிப்பிடவேண்டும். ஜப்பானியப் படத்தைக் கொண்டாடும் நண்பர்கள் அதன் மூத்த உறவையும் ஒருமுறை காண்பார்களாக.

மூன்றாவது படம் நம் மண்ணில் நிகழும் கதை. 1911 ஏப்ரலில் கோலாலம்பூரில், விக்டோரியா கல்விக்கூடத்தின் தலைமையாசிரியர் இல்லத்தில், எதெல் பிரௌட்லாக் என்னும் ஆங்கிலப் பெண் வில்லியம் ஸ்டூவர்ட் என்னும் ஈயச்சுரங்க மேலாளரைச் சுட்டுக்கொன்றாள். தன்னிடம் முறைகேடாக நடக்க முயன்றமையால் தற்காப்புக்குச் சுட்டதாகக் கூறினாள். நீதிமன்றம் நம்பவில்லை; தூக்குத் தண்டனை விதித்தது. சிலாங்கூர் சுல்தான் மன்னிப்பு வழங்க, அவள் இங்கிலாந்து திரும்பினாள். 1921இல் மலாயாவுக்கு வந்த எழுத்தாளர் சாமர்செட் மாம் இதனைக் கேள்வியுற்று, ‘தி லெட்டர்’ என்னும் சிறுகதையாக எழுதினார். அக்கதை நாடகமாகி, 1929இல் ஒருமுறை படமாகி, 1940இல் வில்லியம் வைலரின் இயக்கத்தில் மீண்டும் படமானது. நாம் பரிந்துரைப்பது இப்பின்னதை.

தொடக்கக் காட்சியைத் தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்கள் மறக்கமாட்டார்கள். நிலவொளி. பால்மரத்தில் வெட்டிய வடு வழியே பால் இறங்கி மங்கில் சொட்டுகிறது. ஒளிப்படக்கருவி மெல்ல நகர்ந்து, கூரைக்கடியில் உறங்கும் தொழிலாளர்களைக் கடந்து செல்கிறது. எங்கும் அமைதி. திடீரென ஒரு வெடிச்சத்தம். ஒரு வெண்ணிறப் பறவை சிறகடித்து எழுகிறது. துரை வீட்டின் திண்ணையில் ஒருவன் தடுமாறி வெளியே வருகிறான். அவனைத் தொடர்ந்து வரும் துரைசாணி லெஸ்லி, அவன் படிக்கட்டில் விழுந்த பின்னரும், துப்பாக்கியிலுள்ள குண்டுகள் தீரும்வரை சுடுகிறாள். இரண்டு நிமிட அளவிலான இத்தொடக்கத்தில் வசனத்துக்கு வேலையே இல்லை. பின்னர் அவள் எவ்வளவு கண்ணியமாகப் பேசினாலும், அக்கைத்துப்பாக்கியை அவள் பிடித்திருந்த விதமே நம் கண்முன் நிற்கும். பெட் டேவிஸ் ஏற்ற அப்பாத்திரம் படம் நெடுகச் சரிகைப் பின்னல் பின்னிக்கொண்டிருக்கிறது. பொய்யையும் நூலையும் ஒருசேரப் பின்னும் அக்கைகளை வைலர் நமக்குக் காட்டுகிறாரேயன்றி விளக்குவதில்லை.

மொழியில் ஈடுபாடு உடையோர் இப்படத்தில் இருவரைக் கூர்ந்து நோக்கவேண்டும். ஒருவர், வழக்கறிஞரின் எழுத்தராகிய ஓங் சி செங். கொலையுண்டவனுக்கு லெஸ்லி எழுதிய கடிதமொன்று இருப்பதாகவும், அதன் விலை பத்தாயிரம் வெள்ளி என்றும் அவர் தம் முதலாளியிடம் தெரிவிக்கிறார். மிரட்டலுக்குரிய ஒரு சொல்கூட அவர் வாயில் வருவதில்லை. அத்தனையும் பணிவு, அத்தனையும் ‘ஐயா’. ஆள்வோரின் மொழியை ஆள்வோரினும் திருத்தமாகக் கற்றவன், அதன் மரியாதைச் சொற்களைக் கொண்டே அவர்களை வளைக்கும் அக்காட்சி நகைப்பையும் நடுக்கத்தையும் ஒருங்கே தருவது. மற்றொருவர், கொலையுண்டவனின் மனைவி. அவர் ஆங்கிலம் பேசுவதில்லை, எழுத்தர் மொழிபெயர்க்கிறார். கடிதத்தைக் கையில் கொடுக்காமல் தரையில் போடுகிறார். லெஸ்லி குனிந்து, அவர் காலடியில் அதை எடுக்க நேர்கிறது. ஆண்டோர் மொழியை ஒருசொல்லும் பேசாத பெண்ணே அவ்வறையில் ஆளும் நிலையில் இருக்கிறார்.

ஆனால், நாம் முன்னர்ச் சொன்ன இருவகை மௌனமும் இப்படத்தில் அருகருகே உள்ளன. மூலக்கதையில் அப்பெண் சீனர், மனைவியல்லர். தணிக்கை அலுவலகத்தின் மறுப்பால் அவர் ஐரோப்பிய ஆசியக் கலப்பினத்தவராகவும், முறைப்படி மணந்த மனைவியாகவும் ஆக்கப்பட்டார். அப்பாத்திரம் ஆசியப் பின்புலமுடைய நடிகைக்கும் செல்லவில்லை. மினசோட்டாவில் பிறந்த கேல் சோண்டர்கார்ட் ஒப்பனை தரித்து நடித்தார். தொடக்கக் காட்சியில் உறங்கும் தோட்டத் தொழிலாளர்களுக்குப் பெயரில்லை, கதையில்லை. அம்மரங்களில் பால் வெட்டியோர் பேரளவில் நம் பாட்டன் பாட்டியர் என்பது நமக்குத் தெரியும், படத்துக்குத் தெரியாது. இது அடக்கம் அன்று. இம்மௌனத்தையும் கலை என்று கொண்டாடினால் நாம் நம்மையே ஏமாற்றிக்கொள்கிறோம்.

முடிவும் அவ்வாறே. மாமின் கதையில் லெஸ்லி விடுதலையாகி வாழ்ந்துகொண்டிருக்கிறாள். அவளுக்குத் தண்டனை அவ்வாழ்வே. கொலை செய்தவள் உயிரோடு தப்பக்கூடாது என்பது விதித்தொகுப்பின் கட்டளை. எனவே படத்தில் அவள் நிலவொளியில் வெளியே நடந்து, அக்கணவனிழந்தவளின் கையால் இறக்கிறாள். கொன்றவளும் தப்பக்கூடாதே, ஆகவே உடனே காவலரும் தோன்றுகிறார். நீதியின் இந்த அவசரம் சற்றுச் செயற்கையானது. நம்மைக் கேட்டால், அதற்குச் சற்றுமுன் லெஸ்லி தன் கணவனிடம், தான் கொன்றவனையே இன்னும் நேசிப்பதாக ஒப்புக்கொள்ளும் இடத்தில் படம் முடிந்துவிட்டது. அவ்வசனத்தைக் கணவனின் முகத்தைப் பார்த்துக் கூறுமாறு வைலர் பணித்தார். எந்தப் பெண்ணாலும் அவ்வாறு கூற இயலாது என்று சினந்து பெட் டேவிஸ் படப்பிடிப்பிலிருந்தே வெளியேறினார். பின்னர்த் திரும்பி வந்து, இயக்குநர் விரும்பியவாறே நடித்தார். யார் கூற்று சரி என்பதைக் காண்போர் தீர்மானிக்கலாம். நாம் வைலர் பக்கம்.

மறைப்பைப் பற்றிப் பேசும்போது இன்னும் இரண்டைக் கூறாமல் செல்ல இயலவில்லை. 1937இல் ‘தி குட் எர்த்’ என்னும் படம் சீன உழவர் குடும்பத்தின் கதையைச் சொன்னது. லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்த சீன அமெரிக்க நடிகை அன்னா மே வாங் அதன் நாயகியாக நடிக்க விரும்பினார். நாயகனும் நாயகியும் வெள்ளையராகவே தேர்ந்தெடுக்கப்பட்டனர். நாயகியாக நடித்த லூயிஸ் ரெய்னருக்கு ஆஸ்காரும் கிடைத்தது. 1940இல், ‘கான் வித் தி விண்ட்’ படத்துக்காக ஆஸ்கார் பெற்ற முதல் கறுப்பினக் கலைஞரான ஹேட்டி மெக்டேனியல், விருது விழாவில் தம் சக நடிகர்களோடு அமராமல், சுவரோரமாகப் போடப்பட்ட தனி மேசையில் அமர நேர்ந்தது. அப்படத்தை நம் பட்டியலில் ஏன் காணோம் என்று கேட்போருக்கு: அடிமை முறையை இனிய பழங்கனவாகக் காட்டும் ஒரு படத்தை, அதன் வண்ணங்கள் எவ்வளவு அழகியவாயினும், பரிந்துரைக்க நமக்கு மனமில்லை.

‘காசாபிளாங்கா’வுக்குப் பரிந்துரை தேவையில்லை. 1942இல் வெளிவந்த அப்படத்தைக் காணாதவர்களும் அதன் பெயரை அறிவர். ஒன்றை மட்டும் கவனிக்கச் சொல்வோம். விடுதியில் ஜெர்மானிய அதிகாரிகள் தம் பாடலைப் பாட, அதனை அமுக்குமாறு பிரெஞ்சு நாட்டுப்பண் எழுகிறதல்லவா? அக்காட்சியில் கண்ணீர் வழியப் பாடும் மாதலென் லெபோ, தம் கணவர் மார்செல் தாலியோவோடு 1940இல் பிரான்சிலிருந்து உண்மையாகவே தப்பி வந்தவர். தாலியோவும் இப்படத்தில் நடித்திருக்கிறார். நாஜி அதிகாரியாக வரும் கான்ராட் வைட், யூத மனைவியோடு ஜெர்மனியை விட்டு வெளியேறியவர். அகதிகளின் கதையை அகதிகளே நடித்தனர். படத்தில் அச்செய்தி எங்கும் சொல்லப்படவில்லை, அம்முகங்களில் இருக்கிறது.

பில்லி வைல்டரின் ‘டபுள் இன்டெம்னிட்டி’ 1944இல் வெளிவந்தது. ஜேம்ஸ் எம். கெய்னின் கதையைப் படமாக்குவதற்குத் தணிக்கை அலுவலகம் 1935 முதல் தடையாக இருந்தது. காப்புறுதி முகவன் ஒருவன், வாடிக்கையாளரின் மனைவியோடு சேர்ந்து அவ்வாடிக்கையாளரைக் கொன்று காப்புறுதித் தொகையைப் பெறத் திட்டமிடுகிறான். இதில் இச்சையும் கொலையும் தவிர வேறென்ன இருக்கிறது என்று அலுவலகம் கேட்டதில் வியப்பில்லை. வைல்டரும் ரேமண்ட் சாண்ட்லரும் எழுதிய திரைக்கதை, முதற் சந்திப்பில் இருவருக்கும் இடையே எழும் கவர்ச்சியைச் சாலை வேகக் கட்டுப்பாடு பற்றிய உரையாடலாக்கியது. மணிக்கு எத்தனை மைல், போக்குவரத்துக் காவலர் என்ன செய்வார் என்றே பேசிக்கொள்கிறார்கள். இதற்கு மேலொரு நல்ல உள்ளுறையை அக்காலத்து ஹாலிவுட்டில் காட்டுவது கடினம்.

எனினும் இப்படத்தில் நம்மைக் கவர்ந்தது அக்காதல் அன்று. முகவன் நெஃபுக்கும் அவனது நிறுவனத்தில் மோசடிகளைக் கண்டறியும் மூத்த அதிகாரி கீஸுக்கும் இடையிலான நட்பு. கீஸிடம் சுருட்டு இருக்கும், தீக்குச்சி இருக்காது. ஒவ்வொரு முறையும் நெஃபுதான் நகத்தால் குச்சியைக் கீறிப் பற்றவைப்பான். படத்தின் முடிவில் குண்டடிபட்டு வாசற்படியில் சரிந்து கிடக்கும் நெஃப், நடுங்கும் கையால் தன் சிகரெட்டைப் பற்றவைக்க முயல்கிறான், இயலவில்லை. கீஸ் குனிந்து, குச்சியைக் கீறிப் பற்றவைக்கிறார். இதற்குப் பின் வரவேண்டிய மரணதண்டனைக் காட்சியை வைல்டர் பெருஞ்செலவில் படமாக்கியிருந்தார். தீக்குச்சிக் காட்சியே போதும் என்று அதை நீக்கிவிட்டார். தணிக்கை விரும்பிய தண்டனையைக் கலைஞனே வேண்டாமென ஒதுக்கினான் என்பது சுவையானது.

இறுதியாக, ‘தி பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்’. இதுவும் வைலர் இயக்கியதே; 1946. போர் முடிந்து வீடு திரும்பும் மூவரின் கதை. அவர்களுள் ஹோமர் என்னும் மாலுமிக்கு இரு கைகளும் இல்லை. அவற்றின் இடத்தில் இரும்புக் கொக்கிகள். அப்பாத்திரத்தில் நடித்த ஹெரால்ட் ரசல் தொழில்முறை நடிகர் அல்லர். 1944இல் இராணுவப் பயிற்சியின்போது வெடிவிபத்தில் இரு கைகளையும் இழந்தவர். கொக்கிகளால் அவர் தீக்குச்சி கிழிக்கிறார், பியானோ வாசிக்கிறார், பார்ப்போர் வியக்கிறார்கள். ஆனால் வைலர் அவ்வியப்பிலேயே நம்மை விட்டுவிடவில்லை. ஓர் இரவு, தன்னை மணக்கக் காத்திருக்கும் வில்மாவை ஹோமர் தன் அறைக்கு அழைக்கிறான். அக்காலத் திரையில் மணமாகாத பெண் ஆணின் படுக்கையறைக்குள் செல்வதே அரிது. அவன் கொக்கிகளைக் கழற்றிக் காட்டுகிறான். இனி இக்கதவு மூடிக்கொண்டால் என்னால் திறக்கவும் இயலாது என்னும் கருத்துப்படப் பேசுகிறான். இரக்கப்படுவாள், அல்லது அஞ்சுவாள் என்று எதிர்பார்க்கிறான். அவள் அவனது இரவுச் சட்டையின் பொத்தான்களைப் போட்டுவிடுகிறாள். பிறகு போர்வையை இழுத்து மூடிவிடுகிறாள். விதித்தொகுப்பை ஏந்திய எந்த அதிகாரியும் அக்காட்சியில் திருத்த ஒன்றையும் கண்டிருக்கமுடியாது. காதற் காட்சி என்று நாம் கருதுவனவற்றுள் அதற்கு ஈடானவை மிகச் சிலவே.

ரசலுக்கு அதே பாத்திரத்துக்காக இரண்டு ஆஸ்கார் விருதுகள் வழங்கப்பட்டன. போட்டியில் அவர் வெல்லமாட்டார் என்று எண்ணிச் சிறப்பு விருதொன்றை முன்கூட்டியே அளித்தனர்; பின்னர்த் துணைநடிகர் விருதையும் அவரே வென்றார். விருதுக் குழுவினரின் கணிப்புத் தவறிய நல்ல தருணங்களுள் அதுவும் ஒன்று.

காணும் முறையைப் பற்றி ஒரு சொல். ஆறையும் தொடர்ந்து காணவேண்டா. குடும்பத்தோடு தொடங்குவோர் காப்ராவின் படத்திலிருந்து தொடங்கலாம். சிறுவர்க்கும் அது சிரிப்பூட்டும். வைலரின் இரண்டாவது படம் ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஓடும். அதற்கு ஒரு விடுமுறை நாள் வேண்டும். மெக்கேரியின் படத்தை வீட்டு முதியோரோடு சேர்ந்து காணலாமா என்று நம்மிடம் சிலர் கேட்டதுண்டு. காணலாம், ஆனால் அன்றிரவு வேறு வேலை வைத்துக்கொள்ளவேண்டா. ‘தி லெட்டர்’ படத்துக்கு மட்டும் உரிய நேரத்தில் வந்து அமர்ந்துவிடுங்கள். வசனம் தொடங்கட்டும் என்று காத்திருப்போர், மங்கில் பால் சொட்டுவதைக் காணாமலே போய்விடுவர்.